‘முதலில்’ என்று ஒரு சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி உங்களைக் கண்கலங்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ‘பாராலிம்பிக் களத்தில் சிங்கப்பூர் அணி உயர முதலில் வேண்டியது, வென்றவருக்குச் சமப் பரிசா, தொடங்குபவருக்கு வழியா?’ இதுதான் தலைப்பு. நான் ‘வழி’ பக்கம். சமத்துவம் வேண்டாம் என்று சொல்ல வந்தவள் மாதிரி எல்லாரும் என்னைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், பரவாயில்லை.

அவர் சொன்ன கணக்கை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் நம் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் தங்கம் வென்றார். அதற்குப் பரிசு ஒரு மில்லியன் வெள்ளி. அடுத்த மாதமே அதே ரியோவில், அதே நீச்சல் அரங்கில், யிப் பின் சியூ பாராலிம்பிக் தங்கம் இரண்டு வென்றார். அவருக்குத் தங்கம் ஒன்றுக்கு 200,000 வெள்ளி. தண்ணீர் ஒன்றுதான், விலை ஐந்தில் ஒரு பங்கு. 2021ல் அது 400,000 ஆனது. பாரிஸ் போட்டிக்கு 500,000. பாதி தூரம் வந்திருக்கிறோம், மீதியும் வரட்டும். வேண்டாம் என்று நான் சொன்னால் வீட்டில் அம்மாவே எனக்குச் சோறு போடமாட்டார். (‘வெள்ளி வாங்கினவங்களுக்கு எத்தனை வெள்ளி?’ என்று போன வாரம் அவர்தான் கேட்டார். நம் ஊர்த் தமிழில் பதக்கமும் வெள்ளி, டாலரும் வெள்ளி; இது ஒரு வசதி.)

ஆனால் தலைப்பில் ‘முதலில்’ என்று ஒரு சொல் இருக்கிறது, நடுவர் அவர்களே. எதிரணி அதைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. நான் அதிலேயே உட்காரப் போகிறேன்.

நாம் பாராலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1988, சோல் நகரில். முதல் பதக்கம் 2008, பெய்ஜிங்கில். குதிரையேற்றத்தில் லாரன்ஷியா டான் வாங்கிய வெண்கலம் அது. இடையில் இருபது ஆண்டு. அதிலிருந்து பாரிஸ் 2024 வரை எண்ணினால் மொத்தம் 14 பதக்கம். வாங்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நான்கு பேர். பின் சியூ எட்டு, லாரன்ஷியா நான்கு, நீச்சலில் திரேசா கோ ஒன்று, போச்சியா என்ற பந்து விளையாட்டில் ஜெராலின் டான் ஒன்று. நால்வரும் பெண்கள். அக்காமார்கள் இப்போது கைதட்டலாம்!

தட்டியாயிற்றா? சரி, இப்போது கவலைப்படுங்கள். நம் நாட்டின் ஏழு பாராலிம்பிக் தங்கமும் ஒரே கழுத்தில், பின் சியூ கழுத்தில், தொங்குகிறது. அந்த அம்மணி நாளைக்கு ‘போதும், நான் ஓய்வெடுக்கிறேன்’ என்றால் நம்மிடம் என்ன இருக்கிறது? ரியோவுக்கும் பாரிஸுக்கும் இடையில் பரிசுத்தொகை இரண்டரை மடங்கு ஏறியது. பதக்கப் பட்டியலில் புதிதாக ஏறிய பெயர் ஒன்றே ஒன்று, ஜெராலின். தொகையை ஏற்றினால் ஆள் வந்துவிடும் என்றால், அந்த ஆட்கள் எங்கே?

பின் சியூ எப்படி வந்தார் என்று பாருங்கள். தசைகளை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவருக்கு. சின்ன வயதிலேயே நீந்தத் தொடங்கினார். 12 வயதில் நீச்சல் குளத்தில் ஒரு தொண்டூழியர் அவரைக் கவனித்து, ‘போட்டிக்கு வருகிறாயா?’ என்று கேட்டார். அவ்வளவுதான் தொடக்கம். காசோலையைக் காட்டி யாரும் அவரை அழைக்கவில்லை. கண்ணில் பட்டார், அழைத்தார்கள். கண்ணில் படவேண்டுமென்றால் பிள்ளை குளத்துக்கு வந்திருக்க வேண்டும் இல்லையா?

இன்னொன்று. 2008ல் தங்கம் வென்றபோது அவர் எஸ்3 பிரிவு. எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம் என்று பொருள். 2012 லண்டனில் பதக்கம் இல்லை. அப்புறம் உடல் இன்னும் இறங்கி எஸ்2 ஆனார். அங்கிருந்துதான் ரியோ, தோக்கியோ, பாரிஸ் என்று ஆறு தங்கம். லண்டனில் வெறுங்கையோடு திரும்பியவருக்கு எதிரணியின் சமப் பரிசு எத்தனை வெள்ளி கொடுத்திருக்கும்? சுழியம். பத்து லட்சத்தில் சமம் என்றாலும் சுழியம்தான். திரேசா கோ 2004 ஏதன்ஸில் தொடங்கினார்; நான்காவது பாராலிம்பிக்கில், 2016ல்தான் வெண்கலம். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அவரைத் தண்ணீரில் வைத்திருந்தது பயிற்றுநர், குளம், போக்குவரத்து, உதவித்தொகை, கூட வந்த குடும்பம். இதற்குத்தான் நாங்கள் ‘வழி’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அக்கா மகனுக்கு வயது பதினான்கு, பெருமூளை வாதம். போச்சியா விளையாடுகிறான். தெரியாதவர்களுக்கு: முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். அதன் பக்கத்தில் யார் பந்து நிற்கிறது என்பதுதான் ஆட்டம். ஆளுக்கு ஆறு பந்து, சிவப்பு ஒருவருக்கு, நீலம் மற்றவருக்கு. ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும், கையில் வாங்கினால் கனமாக உட்காரும். இவனால் பந்தைப் பிடித்து எறிய முடியாது. அதனால் ஒரு சாய்தளம். நெற்றியில் கட்டிய குச்சியால் பந்தைத் தள்ளிவிடுவான். சாய்தளத்தைத் திருப்பிக் கொடுக்க ஓர் உதவியாளர் உண்டு, அது என் அக்கா.

அந்த உதவியாளருக்கு ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் தவறு. அவன் ‘இடது’ என்பான், அக்கா தளத்தை நகர்த்துவாள். ‘இன்னும், இன்னும்... நிறுத்து’ என்பான். பந்து உருளும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கும். எங்கே போய் நின்றது என்பதை மகன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். பரீட்சை அறைக்கு வெளியே நின்றுகொண்டே பதிலைச் சொல்லத் துடிக்கிற நம் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே!

இந்த இடத்துக்கு வர அவர்களுக்கு இரண்டு வருடம் ஆனது. முதலில் கேட்ட ஒரு மண்டபத்தில், ‘சக்கர நாற்காலி மரத்தரையைக் கீறிவிடும்’ என்றார்கள். இன்னோர் இடம் கிடைத்தது. கிடைத்த மாதத்தில் எங்கள் புளோக் மின்தூக்கி பழுது. இப்போதும் சனிக்கிழமை காலை ஈசூனிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். ஓட்டுநர் இறங்கி வந்து, கதவருகே மடித்து வைத்திருக்கும் பலகையைத் தரையில் விரித்து ஏற்றிவிடுவார். அவரைக் குறை சொல்லமாட்டேன், தங்கமான மனிதர். அந்த இரண்டு நிமிடத்தில் உள்ளே இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள் பாருங்கள், அதைத்தான் அக்காவால் தாங்க முடியாது. பாதி நாள் அதற்காகவே வீட்டில் இருந்துவிடலாமா என்று தோன்றுமாம்.

அப்படி வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எதிரணி போடவே இல்லை.

2015ல் ஆசியான் பாரா விளையாட்டுகள் இங்கே நடந்தபோது நம் அணி 24 தங்கம் எடுத்தது. 2025ல் உலகப் பாரா நீச்சல் போட்டியும் இங்கே வந்தது, ஆசியாவில் முதன்முறையாக. 2029ல் ஆசியான் பாரா விளையாட்டுகள் மறுபடி நம் ஊருக்கு வருகின்றன. அன்றைக்குச் சிவப்புச் சட்டை போட்டு இறங்க வேண்டியவர் இன்றைக்கு ஏதோ ஒரு வீட்டின் பத்தாவது மாடியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் ‘தங்கம் வாங்கினால் ஒரு மில்லியன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘மின்தூக்கி வேலை செய்கிறதா?’ என்று கேட்பார்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணிச் சகோதரிக்கு ஓர் அழைப்போடு முடிக்கிறேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் பையன்கள் ஆடுகிறார்கள். உருண்டுபோன பந்தைப் பொறுக்கிக் கொடுக்க ஆள் போதவில்லை. வருகிறீர்களா?