கரண்டி யார் கையில்?

நடுவர் அவர்களே! பெண்ணுடல் மீதான அதிகாரத்தை அசைப்பது சட்டமா, கலையா என்பது தலைப்பு. சட்டத்தின் பக்கம் பேசிய தம்பி, "இந்தக் கலைக்காரர்கள் ஆய்வுக்கூடச் சாமான்களை வைத்துப் படம் காட்டுகிறார்கள்" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், சபை நாகரிகம்.

தம்பி, ஒரு கரண்டியைப் பற்றிச் சொல்கிறேன். 1845-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மாண்ட்கோமரி நகரம். மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் கரண்டிக் காம்பை வளைத்துப் பெண்ணின் பிறப்புறுப்பை விரித்துப் பார்த்தார். இன்று மகப்பேறு மருத்துவரின் தட்டில் இருக்கிறதே ஸ்பெக்குலம், அதில் ஒரு வகைக்கு அந்தக் கரண்டிதான் பாட்டி. படுத்திருந்தவர்கள் அடிமைப் பெண்கள்: அனார்க்கா, பெட்ஸி, லூசி. பிரசவத்தில் மூத்திரப்பை கிழிந்து, ஓயாமல் நீர் ஒழுகிக்கொண்டிருந்தவர்கள். அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள், மயக்கமருந்து இல்லாமல்! சம்மதத்தை யாரிடம் கேட்டார் தெரியுமா? எஜமானர்களிடம். அந்தப் பெண்களைச் சொத்து என்று எழுதி வைத்திருந்ததே தம்பியின் கட்சிக்காரரான சட்டம்தான்.

இப்போது ஸ்பெயினுக்கு வாருங்கள். பார்சலோனாவுக்குப் பக்கத்தில் கலாஃபோ என்ற பழைய ஆலை வளாகம். அங்கே கைனிபங்க் என்ற பெண்ணியக் குழு, வீணாய்ப்போன கணினியின் ஹார்டு டிஸ்க் மோட்டாரைப் பிடுங்கி, ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி செய்தது. வெப்கேமராவை நுண்ணோக்கியாக்கியது. ஸ்பெக்குலத்தை முப்பரிமாண அச்சில் எடுத்தது. கலையா, வைத்தியமா, தகர வேலையா என்று கேட்டால் மூன்றும்தான்! இன்னொன்றும் செய்தார்கள். பெண்ணுடம்பில் ஒரு சுரப்பிக்கு ஸ்கீன் என்ற ஆண் மருத்துவரின் பெயர். நம் வீட்டு வாசலில் அடுத்தவர் பெயர்ப்பலகை! அதைக் கழற்றி 'அனார்க்கா சுரப்பி' என்று மாட்டினார்கள்.

பிரான்ஸின் ஓர்லான் என்ற பெண் கலைஞர், 1993-ல் நியூயார்க்கில் தன் முகத்தைக் கத்திக்குக் கொடுத்து, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, விழித்தபடியே புத்தகம் வாசித்ததைத் தம்பி "விளம்பரம்" என்றார். அதை முழுதாகப் பார்க்க எனக்கும் தெம்பில்லை. ஆனால் அழகு சிகிச்சை என்று கதவைச் சாத்திச் செய்வதை, செயற்கைக்கோள் வழியே ஊருக்கே திறந்து காட்டினாரே! அது கொஞ்சமா?

சட்டம் வரவில்லையா என்பீர்கள். வந்தது, பின்னால். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிம்ஸுக்குச் சிலை இருந்தது. 2017-ல் கறுப்பினப் பெண்கள் மருத்துவமனை அங்கியில் செஞ்சாயம் பூசி அதன் முன்னே நின்றார்கள். மாநகராட்சி சிலையை இறக்கியது 2018 ஏப்ரலில்.

மணி அடித்துவிட்டீர்கள், அரை நிமிடம்! மாண்ட்கோமரியில் இப்போது அனார்க்காவும் பெட்ஸியும் லூசியும் நிற்கிறார்கள், ஆளைவிட உயரமாக. 2021-ல் மிஷெல் பிரவுடர் என்ற பெண் பழைய இரும்பைப் பற்றவைத்து எழுப்பிய சிலைகள். தம்பி ஒருமுறை போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரட்டும்.