வழியில் இருக்கும்போதே

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், நம் சேகரத்துச் சபைகளுக்கெல்லாம் போதகரான சேகரகுரு ஐயா அவர்களே, ஐந்து கிளைச் சபைகளிலிருந்தும் வந்திருக்கிற சபை ஊழியர்களே, பள்ளி மைதானத்தை நமக்காகத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நம் பண்டிகை என்றதும் தாமாகவே முன்வந்து தெருவிளக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்து, முதல் வரிசையில் நம்மோடு வந்து அமர்ந்திருக்கிற பஞ்சாயத்துத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, உங்களுக்கு என் வணக்கம். நாளைய அசனமாகிய பொது விருந்துக்கு இப்போதே காய் நறுக்க உட்கார்ந்துவிட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும் என் வணக்கம். ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும். பாடகர் குழுப் பிள்ளைகள் பாடிய ஞானப்பாட்டு இன்னும் காதில் இருக்கிறது. கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக.

'அன்றாட வாழ்வில் கிறிஸ்தவப் பொறுமை' என்ற பொருளில் பேசும்படி ஐயா அவர்கள் சொன்னார்கள். அதை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். தேவனுக்காகக் காத்திருக்கும் பொறுமை, குடும்பத்தாரிடம் காட்டும் பொறுமை, நமக்கு நாமே காட்டவேண்டிய பொறுமை.

அதற்கு முன் ஒரு பழமொழி. பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார். என் ஆச்சி இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லுவாள். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவரும் 'சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்; அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்' என்கிறார். இரண்டிலும் பரிசாகக் கிடைப்பது பூமி. இந்தப் பூமிக்காகத்தானே நாம் அண்ணன் தம்பி என்றும் பாராமல் சண்டை போடுகிறோம்?

சரி, முதல் காரியம். இடையன்குடிக்குப் போயிருப்பீர்கள். அங்கே பரிசுத்த திரித்துவ ஆலயத்தை மிஷனரியான கால்டுவெல் ஐயர் 1847இல் கட்டத் தொடங்கினார். பிரதிஷ்டை நடந்தது 1880இல். முப்பத்து மூன்று வருஷம்! அதற்கிடையில் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்கள் செத்து விழுந்தார்கள். அத்தனைக்கும் நடுவில், இருக்கிற பணத்துக்கு ஏற்ப வேலை நடந்தது. அஸ்திபாரம் போட்ட நாளில் பிறந்த பிள்ளை, பிரதிஷ்டைக்குத் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். தேவனுடைய வேலைக்கு நம் முன்னோர் காத்திருந்த காத்திருப்பு அது. இன்றைக்குக் கொத்தனார் ஒரு வாரம் வராவிட்டால் கமிட்டியையே மாற்றச் சொல்கிறோம்.

இரண்டாவது, குடும்பம். இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. என் உத்தியோகக் காலம் முழுவதும் முன்சீப் கோர்ட்டில் கழிந்தது உங்களுக்குத் தெரியும். கட்டுக்கட்டாக உரிமையியல் வழக்குகளைக் கையில் எடுத்து அடுக்கியவன் நான். வரப்பு, பொதுச்சுவர், நடைபாதை, கிணற்றுப் பங்கு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வாதியும் பிரதிவாதியும் ஒரே தகப்பன் பெயரைத்தான் எழுதிக்கொடுப்பார்கள்.

அப்படி ஒரு வழக்கு. ஊரைச் சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுக் கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்து வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒருநாள் தம்பியின் முறையில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் அண்ணன் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார். விடிந்ததும் தம்பி வந்து பார்த்தார், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு அரை மணி நேரம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும். பிராது, இடைக்காலத் தடை, கிணற்றைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர், அவர் அறிக்கைக்கு ஆட்சேபணை என்று ஓடியது. வழக்கு நடக்கையில் மோட்டாரைத் தொட இருவருக்குமே தயக்கம். வாழை காய்ந்தது, கிணறு தூர்ந்தது.

அந்த ஊரிலிருந்து காலையில் கோர்ட்டுக்கு வர ஒரே ஒரு பஸ். வாய்தா நாளில் அண்ணன் முன்பக்கம், தம்பி பின்பக்கம். பேச்சு வார்த்தை கிடையாது. ஒருநாள் கண்டக்டரிடம் சில்லறை இல்லை. நம் ஊர் கண்டக்டர்கள் செய்கிற காரியம் உங்களுக்குத் தெரியாதா? "ரெண்டு பேருக்கும் ஆளுக்கு அஞ்சு ரூவா பாக்கி. இந்தாங்க பத்து ரூவா, நீங்களே பிரிச்சுக்கிடுங்க" என்று நோட்டை அண்ணன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இவர்கள் வாதி பிரதிவாதி என்று எப்படித் தெரியும்?

கோர்ட் ஸ்டாப்பில் இறங்கினார்கள். அண்ணன் நோட்டோடு முன்னே நடக்கிறார். ஐந்து ரூபாயை விட்டுவிட்டுப் போகத் தம்பிக்கு மனம் வரவில்லை, பின்னாலேயே போகிறார். எதிரே டீக்கடை. அங்கேயும் சில்லறை இல்லை. "ரெண்டு டீ குடிங்க, கணக்குச் சரியாப் போயிரும்" என்கிறார் கடைக்காரர். டீ ஐந்து ரூபாயாக இருந்த காலம். நிற்கிறார்கள். அண்ணன், "எனக்குச் சீனி போடாத" என்கிறார். தம்பி திரும்பிப் பார்க்கிறார். சின்ன வயசில் அண்ணனுக்குச் சீனி அள்ளிப் போட்டவர் அல்லவா? வாயை அடக்க முடியவில்லை. "சுகர் வந்துட்டா? எப்பம் இருந்து?"

அண்ணன் சொன்னார்: "நீ கேஸ் போட்ட வருஷத்துல இருந்துதாம்லே."

அன்றைக்கு டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டும் இருவரையும் காணோம். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வந்த மக்கள் நீதிமன்றத்தில், லோக் அதாலத் என்கிறோமே, அதில் சமரசம் எழுதினோம். ஒற்றைப்படைத் தேதியில் அண்ணனுக்குத் தண்ணீர், இரட்டைப்படையில் தம்பிக்கு. அமர்வில் இருந்த நீதிபதி கவனித்துவிட்டார்: "31ஆம் தேதியும் ஒற்றைப்படை, மறுநாள் 1ஆம் தேதியும் ஒற்றைப்படை. அண்ணனுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் வருகிறதே, சம்மதமா?" என்று கேட்டார். தம்பி சொன்னார்: "இருக்கட்டும் ஐயா, அண்ணன்தானே."

பொறுத்தார் பூமி ஆள்வார். அந்த வயலில் இப்போது வாழை நிற்கிறது.

ஆண்டவர் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் என்ன சொன்னார்? 'நீ உன் எதிராளியோடு வழியில் இருக்கும்போதே, சீக்கிரமாய் அவனுடனே நல்மனம் பொருந்து.' வழியில் இருக்கும்போதே! அந்த வசனம் வருகிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பஸ்தான் ஞாபகம் வருகிறது. பவுல் கொரிந்து சபைக்கு இன்னும் கண்டிப்பாக எழுதுகிறார்: 'நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?' ஈசாக்கு வெட்டிய கிணற்றுக்குக் கேரார் ஊர் மேய்ப்பர் வாக்குவாதம் செய்தார்கள். அவன் விட்டுவிட்டு வேறொன்று வெட்டினான். அதற்கும் வந்தார்கள், அதையும் விட்டான். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் வரவில்லை, ரெகொபோத், அதாவது விசாலமான இடம், என்று பேரிட்டான். பிறகு அந்த ஊர் ராஜா அபிமெலேக்கே தேடி வந்து உடன்படிக்கை செய்தான், ஈசாக்கு அவனுக்கு விருந்தும் வைத்தான். பொங்கியிருந்தால் முதல் கிணற்றடியிலேயே நின்றிருப்பான்.

நம்மவர்களுக்குப் பொறுமையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாய்தாவுக்கு வாய்தா வருஷக்கணக்காக மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். முன்சீப் கோர்ட்டில் தோற்றால் சார்பு நீதிமன்றம், அங்கேயும் தோற்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நடுவில் ஒருவர் காலமானால் வாரிசுகளைச் சேர்க்க மனு. இத்தனைக்கும் பொறுமை இருக்கிறது. கூடப்பிறந்தவன் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் உட்கார இல்லை. அந்தப் பொறுமையைக் கொஞ்சம் இடம் மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், சகோதரிகள் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துப் போ மகளே, வேதம் சொல்லுகிறது" என்று சொல்வது பாவம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அவள் தைரியமாக வழக்குப் போடட்டும், சபை அவளோடு நிற்கட்டும். நான் சொல்லும் பொறுமை பலமுள்ளவன் தன் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அடிபடுகிறவளை இன்னும் குனியச் சொல்வதற்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

சேகரகுரு ஐயா முன்னிலையில் இன்னொன்றும் கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். சபைத் தேர்தல், சபைச் சொத்து என்று சபையாரே சபையார் மேல் வழக்குப் போட்டு, அதற்குக் காணிக்கைப் பணத்திலிருந்தே செலவு செய்யும் நிலை பல இடங்களில் இருக்கிறது. பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்துச் சிறையில் போட்ட கதையைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கிறோம். 'என்னிடத்தில் பொறுமையாயிரும்' என்று அவன் கெஞ்சிய அதே வார்த்தையால்தான் மற்றவனும் கெஞ்சினான். சபைக் கமிட்டிகள் இதை யோசிக்க வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். நம் சேகரத்தில் ஒரு சமாதானக் குழு வேண்டும். அதில் பாதிப் பேராவது பெண்கள் இருக்க வேண்டும். எந்தக் குடும்பமும் வழக்குப் போடுமுன் ஒருமுறை இந்தக் குழுவிடம் வரட்டும். ஏற்கெனவே வழக்கு நடந்தாலும் வழி இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதினால் அது கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்கு, சமம். அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது, நேரே போய்க் கேட்கலாம்.

மூன்றாவது காரியத்துக்கு நேரமில்லை. மணி எட்டரை ஆகிவிட்டது, ஐயா ஆசீர்வாதம் கூறவேண்டும். நாளை அசனம் முடிந்ததும் பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். வழக்கு நம்பரும் அடுத்த வாய்தா தேதியும் கொண்டுவாருங்கள். முடிந்தால் வழக்கில் உங்கள் எதிராளியையும் கூட்டிவாருங்கள். அவருக்கும் அசனத்துக்கு அழைப்பு உண்டு. வாய்ப்புக் கொடுத்த எல்லாருக்கும் நன்றி.