ஒரே பண்ணை, இரண்டு வேட்டை: அயோவாவில் ஃபெசன்ட்டும் வெண்வால் மானும்

(காட்சி: மேலிருந்து பார்வை. அறுத்து முடிந்த மக்காச்சோள வயல், நடுவில் புல் திட்டு, ஓரமாக ஓடை மரங்கள்.)

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலம் விவசாயியுடையது. அதில் மேயும் மான் மாநிலத்துடையது. ஆகவே இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். மாநிலம் தருவது உரிமம். 1972 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர் உரிமம் வாங்கும் முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். விவசாயி தருவது அனுமதி. வேலியில் பலகை இல்லையே என்று உள்ளே போனாலும் அத்துமீறல்தான்.

அனுமதியைக் கோடையிலேயே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். சீசன் தொடங்கும் நாள் விடியலில் கதவைத் தட்டுகிறவரை யாருக்கும் பிடிக்காது. மாடுகள் எந்தப் பக்கம், எந்த கேட்டை மூடியே வைக்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதையும் அப்போதே கேளுங்கள். வயல் வாசலில் மட்டும் நிறுத்தாதீர்கள்; அறுவடை இயந்திரம் உங்கள் வண்டிக்காகக் காத்து நின்றால் அடுத்த வருடம் அந்த வீட்டு வாசலை மறந்துவிடலாம். ஆளோ கால்நடையோ இருக்கும் கட்டடத்துக்கு 200 கஜத்துக்குள், உரிமையாளர் சம்மதமில்லாமல் சுடக் கூடாது.

(காட்சி: புல்லுக்குள் மோப்பம் பிடித்துப் போகும் நாய்.)

முதலில் பறவை. நீண்ட வாலுள்ள கோழியினப் பறவையான ஃபெசன்ட் இந்த மண்ணின் பறவை அல்ல, ஆசியாவிலிருந்து வந்தது. 1900-ஐ ஒட்டி சீடர் ஃபால்ஸ் ஊரில் புயல் ஒரு வளர்ப்புப் பண்ணையின் வேலியைச் சாய்த்தது. அப்போது தப்பிய சுமார் 2000 பறவைகளிலிருந்துதான் அயோவாவின் ஃபெசன்ட் பெருகத் தொடங்கியது.

சுடலாம் என்பது சேவலை மட்டும், நாளுக்கு மூன்று. ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் சேவல்கள் குறைந்தாலும் அடுத்த வருடக் குஞ்சுகள் குறைவதில்லை. கழுத்தின் வெள்ளை வளையம், நீண்ட வால், எழும்பும்போது போடும் கரகரப்பான கூச்சல் எல்லாம் சேவலின் அடையாளம். வெயில் கண்ணுக்கு நேராக இருந்தால் நிறம் தெரியாது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

நேரம் காலை 8 முதல் மாலை 4.30 வரை. இரவில் உயரமான புல்லில் அடையும் பறவை காலையில் அறுத்த வயலில் சிந்திய மணிகளைப் பொறுக்கப் போகும். நண்பகலில் வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கும். பொழுது சாயும்போது மறுபடி புல்லுக்குத் திரும்பும். கடைசி ஒரு மணி நேரம் புல் திட்டில் நிற்பவருக்கே நல்ல வாய்ப்பு. பக்கத்தில் அறுக்காத மக்காச்சோளம் நின்றால் பறவைகள் அதற்குள்ளேயே கிடக்கும். புல்லில் எவ்வளவு நடந்தும் பயனில்லை. பனி கனமாக விழுந்தபின் சம்பு வளர்ந்த சதுப்பைத் தேடுங்கள்.

வேகமாக நடப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடித் தப்பவே பார்க்கும். மெதுவாக, வளைந்து வளைந்து, காற்றுக்கு எதிராக நடங்கள்; நாய்க்கு மோப்பம் கிடைக்கும். அவ்வப்போது நின்றுவிடுங்கள். சத்தம் நின்றதும் பதுங்கியிருக்கும் சேவல் பொறுமையிழந்து எழும்பும். திட்டின் மறுமுனையில் இரண்டு பேர் மறித்து நிற்கலாம், ஆனால் ஆபத்தும் அங்கேதான். பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். தாழப் பறக்கும் பறவைக்குப் பின்னால் ஆளோ நாயோ இருக்கலாம். 12 அல்லது 20 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், அதாவது ரவை சிதறும் துப்பாக்கி, 4 முதல் 6-ஆம் எண் ரவை, 40 கஜத்துக்குள். அதற்கு மேல் போனால் காயம்பட்டு ஓடும் பறவைதான் மிஞ்சும். கொண்டுபோகும்போது தலையோ காலோ இறகுள்ள சிறகோ உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். சேவல்தான் என்பதற்கு அதுவே சான்று.

(காட்சி: ஓடை ஓரத்து மரத்தில் பரண்.)

அதே பண்ணையில் மானுக்கு நடக்கத் தேவையில்லை, உட்கார வேண்டும். இரை வயலில், படுக்கை மரக்கூட்டத்தில். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய வழியில் பரண் போடுங்கள். உங்கள் வாடை மானுக்குப் போகாதபடி, காற்று மான் வரும் பக்கத்திலிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும். பலர் பரணின் காற்றைப் பார்ப்பார்கள். பரணுக்கு நடந்து வரும் வழியின் காற்றை மறந்துவிடுவார்கள். மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்குவதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பரண் 15 முதல் 20 அடி உயரம் போதும். தரையை விட்டுக் கால் எடுத்த நொடி முதல் விழாமல் தாங்கும் உடல்வாரும் (ஹார்னஸ்) அதை மரத்தோடு இணைக்கும் உயிர்க்கயிறும் மாட்டியிருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலர் விழுகிறார்கள். துப்பாக்கியைக் குண்டில்லாமல் கயிறு கட்டி மேலே இழுங்கள். டிசம்பர் ஷாட்கன் சீசனில் பளீர் ஆரஞ்சு மேலாடை கட்டாயம். தொப்பி மட்டும் போதாது.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். சுட்டவுடன் இறங்காதீர்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல்: அரை மணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல்: நான்கு மணி நேரம். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல்: எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்த மான் எழுந்து, இரத்தத் தடம்கூட விடாமல் அடுத்த பண்ணைக்குப் போய்விடும். அங்கே காயம்பட்ட மானைத் தேடிப் போகச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் துப்பாக்கி இல்லாமல். அப்போதும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதே மரியாதை.

மான் கிடைத்ததும் முதல் வேலை டேக் (உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டு) கட்டுவது: 15 நிமிடத்துக்குள், அல்லது இடத்தைவிட்டு நகர்த்தும் முன், எது முந்தியோ அது. பிறகு கையுறை போட்டு வயிற்றைக் கிழியுங்கள். குடலும் மூத்திரப்பையும் உடைந்தால் இறைச்சி கெடும். மூளை, தண்டுவடம் பக்கம் கத்தி போகக் கூடாது. மான்களின் மூளையை அழிக்கும் சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) நோய், அலமகீ கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) 2013-இல் சுடப்பட்ட மானில்தான் அயோவாவின் காட்டு மான்களிடையே முதன்முதலாக உறுதியானது. தொண்டைப் பகுதி நிணநீர்க் கணுவைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாக உறையவையுங்கள். நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. டேக் கட்டிய மறுநாள் நள்ளிரவுக்குள் மாநிலத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.