முள்ளைப் பார்க்கும் உரிமை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அணுவாயுதச் சோதனைத் தடை உடன்படிக்கையைப் பற்றிப் பேசுமாறு இந்த நிலையத்தார் என்னை அழைத்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். மாலையில் அம்மா சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டுவார். தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருக்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பின்னர் ஓர் எண் உரத்த குரலில் சொல்லப்படும். அதுவே துண்டில் எழுதப்படும். அந்த எண் சரியா, பிழையா என்று அம்மாவுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தராசின் முள்ளைக் காணாதவர் எதை வைத்து வழக்குப் பேசுவது?

உலக அரங்கில் வளர்முக நாடுகள் அணுச் சோதனைக் கண்காணிப்பைப் பற்றி எழுப்பிவரும் கேள்வியும் அடிப்படையில் இதுதான். ஒரு நாடு நிலத்தடியில் இரகசியமாகக் குண்டு வெடித்ததா, இல்லையா என்பதை யார் அளப்பது, அளவை யார் பார்ப்பது, அளவுகோலுக்கு யார் செலவு செய்வது?

விரிவான அணுச் சோதனைத் தடை உடன்படிக்கை 1996 செப்டெம்பர் 24ஆம் திகதி நியூயோர்க்கில் கையொப்பத்துக்காகத் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த இலங்கை இராஜதந்திரி ஜயந்த தனபால. அவர் தலைமை தாங்கிய 1995ஆம் ஆண்டின் அணுவாயுதப் பரவல் தடை மாநாட்டில்தான், சோதனைத் தடை உடன்படிக்கையை 1996க்குள் பேசி முடிக்க வேண்டும் என்று நாடுகள் உடன்பட்டன. இலங்கை 1996 ஒக்டோபரில் கையொப்பமிட்டது. அதற்குச் சட்டப்படி கட்டுப்படுவதாக ஏற்புறுதி செய்ததோ 2023 யூலையில். இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுத் தாமதம் எனக்கு வருத்தம் தருவது. ஆயினும் உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வராததற்குக் காரணம் நம்மைப் போன்றோர் அல்லர். உடன்படிக்கையிலேயே பெயர் குறிக்கப்பட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி செய்தால்தான் அது உயிர்பெறும், அவற்றுள் ஐக்கிய அமெரிக்கா, சீனா, இந்தியா, பாக்கிஸ்தான் உட்படச் சில நாடுகள் இன்னமும் வெளியே நிற்கின்றன.

பேச்சுவார்த்தைக் காலத்தில், வல்லரசுகளிடம் தமக்கெனச் செய்மதிகளும் கருவிகளும் இருந்தன. அவர்கள் தம் சொந்தக் கண்ணால் கண்டதைச் சான்றாக முன்வைப்பார்கள். கண் இல்லாத நாடு அதை நம்பத்தான் வேண்டும், அல்லது மறுக்கத்தான் வேண்டும், சரிபார்க்க இயலாது. ஆகவேதான் பல வளர்முக நாடுகள் பொதுவான ஒரு வலையமைப்பை வற்புறுத்தின. நாடுகளின் சொந்தச் சான்றுக்கும் பொது வலையமைப்புக்கும் உடன்படிக்கை இடம் கொடுத்தது என்றாலும், பொது வலையமைப்பே அதன் முதுகெலும்பு. நில அதிர்வு, கடலடி ஒலி, செவிக்கு எட்டாத தாழ் ஒலி, காற்றில் கலக்கும் கதிரியக்கத் துகள் ஆகிய நான்கையும் அளக்கும் 321 நிலையங்களும் 16 ஆய்வுகூடங்களும் அதில் அடங்கும். அவற்றின் தரவுகள், வியன்னாவில் உள்ள உடன்படிக்கை அமைப்பின் ஆயத்த ஆணைக்குழுவுக்குச் செல்கின்றன. அங்கிருந்து கையொப்பமிட்ட நாடுகள் எல்லாம், பெரியவை சிறியவை என்ற பேதமின்றி, அவற்றைப் பெறலாம். முள்ளை எல்லோர் பக்கமும் திருப்பிய தராசு இது.

செலவுக்கு வருவோம். வியன்னா ஆணைக்குழுவின் ஆண்டு வரவு செலவு ஏறத்தாழ 13 கோடி டொலர். இதனை ஐக்கிய நாடுகள் சபையின் விகிதாசாரத்தை ஒட்டி நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வசதி படைத்தவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் கொடுக்கும் இந்த முறையை வளர்முக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன, அது நியாயமானதும்கூட. நன்கொடைகள் வரலாம், ஆனால் அடிப்படை வேலைகள் நன்கொடையில் தங்கி நிற்கும்போது கொடுப்பவரின் விருப்பமே வேலையின் வரிசையைத் தீர்மானித்துவிடும்.

உண்மையான சிக்கல் துணை நிலையங்களில் இருக்கிறது. நில அதிர்வை அளப்பவற்றுள் 50 முதன்மை நிலையங்கள். இவற்றின் செலவை அமைப்பே ஏற்கும். 120 துணை நிலையங்களுக்கோ, தரவை அனுப்புவது, அதன் நம்பகத்தன்மையை உறுதிசெய்வது, தரத்துக்கு உயர்த்துவது போன்ற சில செலவுகளை மட்டுமே அமைப்பு ஏற்கும். நாளாந்தம் இயக்கிப் பராமரிக்கும் செலவு நிலையம் அமைந்துள்ள நாட்டின் தலையில் விழும். கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள நிலையம் இத்தகைய துணை நிலையம்தான். மின்கலம் பழுதானாலும், இடி விழுந்து கருவி கெட்டாலும், காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பதானாலும் பணம் இங்கிருந்தே வர வேண்டும். தரவு உலகுக்கு, பராமரிப்பு நமக்கு என்ற இந்த ஏற்பாடு பணக்கார நாடு ஒன்றுக்குப் பொருட்டல்ல; டொலருக்குத் தவித்த 2022ஆம் ஆண்டின் இலங்கைக்கு அது பெரும் பொருட்டு. துணை நிலையங்களின் பராமரிப்புக்கும் பொது நிதியில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையைப் பிச்சை என்று எவரும் கருதலாகாது. அறுந்த கண்ணியால் பாதிக்கப்படுவது வலை முழுவதும்.

2004 டிசெம்பர் 26, பௌர்ணமி ஞாயிறு. காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. சில நிமிடங்களில் அந்த அதிர்வு பல்லேகலைக் கருவியில் பதிவானது. கிழக்குக் கரையை அலை தொட்டதோ ஒன்றரை மணி நேரத்துக்கும் பின்னர். இடையில், அந்தப் பதிவை வாசித்துக் கல்முனைக்கும் காலிக்கும் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு எதுவும் நம்மிடம் இருக்கவில்லை. கருவி தன் வேலையைச் செய்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. அந்த அழிவுக்குப் பின்னரே, 2006இல், கண்காணிப்புத் தரவுகளை ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையங்களுக்கு வழங்க வியன்னா ஆணைக்குழு தீர்மானித்தது.

எனவேதான் வளர்முக நாடுகளின் கூட்டணியான 77 நாடுகள் குழு பணத்தோடு சேர்த்துப் பயிற்சியையும் கேட்கிறது. தரவு வந்து குவிந்தால் போதுமா? அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும். வியன்னாவின் பணியணியிலும் எல்லாப் பிராந்தியத்தாருக்கும் இடம் வேண்டும். தொழினுட்பக் கூட்டங்களுக்கு வளர்முக நாட்டு நிபுணர்கள் வந்துபோகும் செலவுக்கு 2007 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. ஆனால் அது தன்னார்வக் கொடைகளில் ஓடுகிறது. நிதி வற்றினால் நம் நிபுணரின் நாற்காலி வெறுமையாகிவிடும்.

வளர்முக நாடுகள் சிலவற்றின் ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உடன்படிக்கை நடைமுறைக்கு வராத நிலையில் கண்காணிப்புக்கு இவ்வளவு செலவழிப்பானேன் என்று கேட்கிறார்கள். 2006 ஒக்டோபர் 9இல் வட கொரியா தன் முதல் குண்டை வெடித்தபோது வலையமைப்பு பாதிதான் கட்டப்பட்டிருந்தது. அப்போதும் இருபதுக்கு மேற்பட்ட நிலையங்கள் அந்தச் சிறு வெடிப்பைப் பிடித்தன. இரு வாரங்களுக்குப் பின்னர் கனடாவின் யெலோநைஃப் நிலையத்தில் அதிலிருந்து கசிந்த செனன் என்ற கதிரியக்க வாயுவின் தடயமும் சிக்கியது. கட்டி முடிக்கும்வரை காத்திருந்தால் அது சாத்தியமாகியிருக்குமா?

இன்னொரு விதியைச் சொல்லியாக வேண்டும். கட்டணக் கோரிக்கை கிடைத்து 365 நாட்களுக்குள் முழுத்தொகையையும் செலுத்தாத நாடு ஆணைக்குழுவில் வாக்குரிமையை இழக்கும். தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் என்று ஆணைக்குழு திருப்தியடைந்தால் மட்டுமே விலக்கு உண்டு. கடன் நெருக்கடியில் சிக்கிய நாடு முதலில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் பணம் தேடும். வியன்னாவின் கட்டணம் பின்தள்ளப்படும். வாக்கு மிகத் தேவைப்படும் வேளையிலேயே அது பறிபோகிறது. விலக்கு என்பது ஆணைக்குழுவின் தயவாக இராமல், நெருக்கடி நிலைக்கு எழுதிவைக்கப்பட்ட உரிமையாக வேண்டும் என்பதே என் கருத்து. ஏற்புறுதி செய்துவிட்ட இலங்கை இனி வியன்னாவில் இந்தத் திருத்தத்தையும், பல்லேகலை போன்ற நிலையங்களின் பராமரிப்புச் செலவையும் ஒன்றாகவே எழுப்பலாம். கருவியைத் தன் மண்ணில் வைத்துப் பேணும் நாடு என்ற தகுதி அதற்கு இருக்கிறது.

செவிமடுத்தமைக்கு நன்றி. வணக்கம்.