வெற்றிடமும் ஒரு தூக்கு மாவும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், அவையோருக்கும், கடைசி வரிசையில் சுண்டலுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் வணக்கம். தமிழ்த்தாய்க்கு நான் தனியாக வணக்கம் சொல்லப் போவதில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், அவருக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். விண்வெளிக் கதைகளில் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவருவது ஆபத்தான இடமா, ஆபத்தான மனிதனா? நான் இடம் என்ற அணியில் இருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். சீட்டுக் குலுக்கினார்கள், இது வந்தது.

ஆனால் தலைப்புக்குப் போகும் முன்னால் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. எதிரணித் தங்கை சற்று முன் என்ன சொன்னார்? "வெற்றிடம் என்றால் ஒன்றும் இல்லாத இடம். ஒன்றும் இல்லாத இடத்துக்காக வாதாட, தலையில் ஒன்றும் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அது கூடப் பரவாயில்லை. இரண்டாவது வரிசையில் என் மனைவியும் தட்டினார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறோம்.

தங்கையே, இது வழுக்கை இல்லை, நிலாத் தரை. நிலாவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் சுமார் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130 டிகிரி. ஏன் இவ்வளவு ஏற்ற இறக்கம்? போர்த்திக்கொள்ள மேலே காற்று இல்லை. சித்திரை வெயிலில் தொப்பி இல்லாமல் பேருந்துக்கு நின்றவன் சொல்கிறேன், மேலே ஒன்றும் இல்லாவிட்டால் கீழே என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிகிற அளவுக்குத் தங்கைக்குத் தெரியாது. நல்ல கூந்தல், நன்றாக இருக்கட்டும்.

"ஒன்றும் இல்லை" என்று சொல்கிறீர்களே, அந்த ஒன்றும் இல்லாதது என்ன செய்யும் தெரியுமா? 1966. அமெரிக்காவில் ஹூஸ்டன். நாசாவில் காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் அறைக்குள் ஜிம் லெப்ளாங்க் என்ற பொறியாளர் விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டு சோதனைக்கு நிற்கிறார். காற்றுக் குழாய் கழன்றுகொண்டது. ஏறக்குறைய 14 நொடி. அவ்வளவுதான், ஆள் மயங்கி விழுந்தார். உடனே காற்றை உள்ளே விட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். கண் விழித்தவர், கடைசியாகத் தன் நினைவில் இருந்ததைச் சொன்னார்: நாக்கில் எச்சில் கொப்பளித்தது. கொதிக்க அடுப்பு வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வேண்டாம் ஐயா. மேலிருந்து அழுத்தும் காற்று போய்விட்டால், நம் உடம்புச் சூடே போதும். 14 நொடி என்பது எவ்வளவு நேரம்? தங்கை என் தலையைப் பற்றிச் சொல்லி, நீங்கள் சிரித்து முடிக்கும் நேரம்.

1971-இல் மூன்று சோவியத் வீரர்கள் சோயூஸ் 11 கலத்தில் திரும்பி வந்தார்கள். காற்றை வெளியேற்றும் ஒரு சின்ன வால்வு, திறக்கக் கூடாத உயரத்தில் திறந்துகொண்டது. கலம் ஒழுங்காகத் தரை இறங்கியது. கதவைத் திறந்தவர்கள் பார்த்தபோது மூவரும் இருக்கையிலேயே உயிரற்று இருந்தார்கள். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை, அம்மா. உள்ளே இருந்தது வெளியே போனது. இனிமேல் ஒன்றும் இல்லாததைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும். என் தலைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, தலைப்பு. நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார்.

எதிரணித் தலைவர் 1968-இல் வந்த, இயக்குநர் குப்ரிக்கின் '2001' என்ற விண்வெளிப் படத்தை எடுத்துக்கொண்டார். அதில் விண்கலத்தை நடத்தும் ஹால் என்ற கம்ப்யூட்டர் ஆட்களைக் கொல்கிறது, அதைச் செய்தவன் மனிதன், ஆகவே ஆபத்து மனிதன்தான் என்றார். அழகான வாதம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஹால் கத்தி எடுத்ததா, துப்பாக்கி எடுத்ததா? வெளியே போனவர் திரும்பி வந்து கேட்கும்போது, கதவைத் திறக்க முடியாது என்றது. அவ்வளவுதான். கதவுக்கு வெளியே வெற்றிடம் இருந்ததால் அது கொலை முயற்சி. அதே கம்ப்யூட்டர் நம் ஊரில் ஏதாவது ஒரு வங்கிக் கிளையில் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? "சர்வர் டவுன், மதியம் வாங்க" என்றிருக்கும். நாமும் டீ குடித்துவிட்டு மதியம் போயிருப்போம்.

இடம் என்ன செய்யும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு நான்காவது மாடி. பார்க்கிங் தகராறில் மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. மாடிப்படியில் பார்த்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் செல்போனைப் பார்ப்பேன். ஒரு மே மாத மாலை. சித்தி வீட்டில் காலையில் அரைத்த இட்லி மாவைத் தூக்கில் வாங்கிக்கொண்டு வருகிறேன். சித்திக்குத் தாராளக் கை, வாய்வரை நிரப்பியிருந்தார். லிஃப்டில் ஏறினேன். தலைமையாசிரியர் இருந்தார். இறங்கினால் தோல்வி என்று நினைப்பாரே, இறங்கவில்லை. பிரியாணி கொண்டுவந்த டெலிவரி தம்பி ஒருவர். காதில் ஹெட்போன் மாட்டிய கல்லூரிப் பெண் ஒருவர். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கரன்ட் போனது.

ஜெனரேட்டர் வரவில்லை. இருட்டு. நான்கு பேர், ஒரு பிரியாணி, ஒரு தூக்கு மாவு. ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்போது ஒரு சத்தம். 'டப்.' எங்கள் எல்லோருக்கும் உயிரே போய்விட்டது. தூக்கு மூடி எழும்பியிருந்தது. மே மாதப் புழுக்கத்தில் மாவு பொங்கி மேலே வருகிறது. மூன்று வருடம் என்னிடம் பேசாத மனிதர், இருட்டில் வாயைத் திறந்து, "தம்பி, உங்க மாவு என் செருப்புல ஏறுது" என்றார்.

மூன்று வருடம்! சங்கத் தலைவர் சமாதானம் பேசினார், நடக்கவில்லை. அவர் பேத்தி பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பினேன், நடக்கவில்லை. அதே இரண்டு மனிதர்கள், அதே பகை. நான்குக்கு நான்கு அடி இடத்தில் அடைத்ததும் பேசினோமா இல்லையா? அப்புறம் இருந்த ஒரே தண்ணீர் பாட்டில் அவருடையது. அது நான்கு பேருக்கும் சுற்றி வந்தது. அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினார். டெலிவரி தம்பிக்குப் போன் வந்தது. "எங்கப்பா இருக்க?" என்று அதட்டல். "உங்க பில்டிங்லதான் சார், பாதி வழியில" என்றார். வாடிக்கையாளர் கோபத்தில் வைத்துவிட்டார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வாடிக்கையாளர் எங்கள் சங்கத் தலைவர்.

எழுத்தாளர்கள் செய்வதும் இதைத்தான். சாதாரண ஆட்களை எடுத்து, லிஃப்டை நிறுத்துகிறார்கள். 1954-இல் டாம் காட்வின் எழுதிய ஒரு சிறுகதை, 'கோல்ட் ஈக்வேஷன்ஸ்'. நோயில் கிடப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் சின்ன ஓடம். எரிபொருள் ஓர் ஆளின் எடைக்கு மட்டும். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவள் இருந்தால் ஓடம் விழும், அவளும் சாவாள், ஓட்டுபவனும் சாவான், மருந்துக்குக் காத்திருப்பவர்களும் சாவார்கள். ஓட்டுபவன் நல்லவன். பெண் வெகுளி. அந்தக் கதையில் வில்லன் யார்? அவளுடைய எடை. காட்வின் மனது கேட்காமல் திரும்பத் திரும்ப அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்து எழுதி அனுப்பினாராம், பத்திரிகை ஆசிரியர் கேம்ப்பெல் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினாராம். எழுதியவரே காப்பாற்ற முடியாத இடம் ஐயா அது.

"எரிபொருளைக் குறைவாக ஊற்றியவன் மனிதன்தானே?" என்று எதிரணியிலிருந்து குரல் வருகிறது. நல்ல கேள்வி. எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றாதவர் யார் என்று சங்கக் கூட்டத்தில் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தாலும், அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது அந்த இருட்டுதான்.

ஒரே ஒரு வாதம் வைக்கிறேன், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆண்டி வீர் 'மார்ஷியன்' நாவலைச் செவ்வாயில் அடிக்கும் ஒரு பெரும் புயலோடு தொடங்குகிறார். அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது தென்றல், ராக்கெட்டைச் சாய்க்காது. அது அவருக்கே தெரியும். தெரிந்தேதான் வைத்தார். முதல் அடியை இயற்கை அடிக்க வேண்டும் என்று விரும்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள் பட்டை இன்னொன்று. படங்களில் நம் ஊர் சிக்னல் மாதிரி கற்கள் இடித்துக்கொண்டு போகும். நிஜத்தில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர். 1973-இலேயே நாசாவின் பயனியர் 10 கலம் பத்திரமாக அதைக் கடந்துவிட்டது. நான் கேட்பது இதுதான்: நாடகத்தை உண்டாக்குவது மனிதன்தான் என்றால், கதைக்காரர்கள் பொய் சொல்லும்போதெல்லாம் ஏன் இடத்தைப் பற்றியே பொய் சொல்கிறார்கள்? இருக்கிற ஆபத்து போதாது என்று கூட ரெண்டு ஆபத்தை வாடகைக்கு எடுக்கிறார்களே?

முதல் மணி. கேட்டது ஐயா.

லிஃப்ட் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். நாங்கள் மாட்டிக்கொண்ட பத்தாவது நிமிடத்தில் மேலே கதவிடுக்கில் ஒரு குரல். என் அம்மா. "மாவு பொங்கிடுச்சாடா?" நான் இங்கே உயிர் போகுமோ என்று நிற்கிறேன், அவருக்கு மாவு. "தூக்கைச் சாய்க்காத. மூடியைத் திறந்து வை. கை விட்டு ஒரு கலக்கு கலக்கு. கரண்டி வேணாம், கைதான்." இருட்டில் கலக்கினேன். "அடங்குச்சா?" "அடங்குச்சு." "திரும்ப வரும், பார்த்துக்கிட்டே இரு." கரன்ட் வரும்வரை மாவைப் பற்றியே பேசினார். எத்தனை இட்லி வரும், சட்னிக்குத் தேங்காய் இருக்கிறதா, சித்தி உளுந்து குறைத்துப் போட்டாளா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

1970 ஏப்ரலில் நிலாவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13-இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பேருக்குச் செய்த நிலவுக்கலத்தில் மூன்று பேர். அவர்கள் விட்ட மூச்சே அவர்களுக்கு விஷமாக ஏறுகிறது. அதை உறிஞ்சும் பெட்டி சதுரம், பொருத்த வேண்டிய வாய் வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா. இதை எடு, அதை ஒட்டு, இங்கே செருகு என்று ஹூஸ்டனிலிருந்து ஒரு குரல் படிப்படியாக வாசித்துச் சொன்னது. ஒலிப்பதிவைக் கேட்டால் சமையல் குறிப்பு சொல்வது போலத்தான் இருக்கிறது. அழுகை இல்லை, பதற்றம் இல்லை.

கரன்ட் வந்து, கதவு திறந்து, மறுநாள் எங்கள் வாட்ச்மேன் சொன்னார். "சார், உங்க அம்மா என்கிட்ட ஓடி வந்தப்போ பேச்சே வரலை. கையைக் காட்டிக் காட்டி அழுதாங்க. லிஃப்ட் கதவுகிட்ட போனதும் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, மாவைப் பத்திக் கேட்டாங்க."

எதிரணி சிரிக்கிறது. நான் அவர்கள் பக்கம் பேசுவதாகத் தோன்றுகிறதாம். இருக்கட்டும். தீர்ப்பு நடுவர் கையில், எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.

2024 ஜூன் மாதம் எட்டு நாள் வேலை என்று மேலே போன சுனிதா வில்லியம்ஸ், 286 நாள் கழித்து 2025 மார்ச்சில் கடலில் வந்து இறங்கினார். டிவியில் எல்லோரும் வேகம், வெப்பம், பாராசூட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?"

அந்த மே மாதத்துக்குப் பிறகு அம்மா லிஃப்டில் ஏறுவதில்லை. மூட்டுவலியோடு நான்கு மாடி ஏறுவார். கேட்டால் உடற்பயிற்சி என்பார். நான் லிஃப்டில் இறங்கும்போது மட்டும் வாசலுக்கு வந்து நிற்பார். கதவுக்கு மேலே சிவப்பாக எண் மாறுமே, அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். இன்று சாயங்காலம் இந்த மேடைக்குக் கிளம்பும்போதும் நின்றார். நான்கு. மூன்று. இரண்டு. எனக்கும் அந்த இடத்தில் மூச்சு கொஞ்சம் நிற்கும். ஒன்று. கீழே வந்து கதவு திறந்ததும், படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, "வந்துட்டேம்மா" என்று கத்தினேன். மேலே வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் அதற்கு அப்புறம்தான் கேட்டது.

வணக்கம்.