படத்தில் தெரிகிற கோடும் கரையும்

வணக்கம். தரங்கம்பாடி போனவர்கள் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1306இல் கட்டியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எந்த வருடம் எத்தனை அடி உள்ளே வந்தது என்று அன்று யாரும் அளந்து வைக்கவில்லை. இன்று அளக்கலாம். 1972இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனதிலிருந்து காவிரி டெல்டாவின் கரை படமாகிக்கொண்டே இருக்கிறது, 2008 முதல் அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம்.

படத்தில் தண்ணீரையும் மணலையும் பிரிப்பது பெரிய காரியமில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், அதனால் கறுப்பாக விழும். மணல் பளிச்சென்று தெரியும். சரி, நடுவே கோடு போட்டால் கரை கிடைத்துவிட்டதா? இல்லை. அந்த நிமிடம் தண்ணீர் எங்கே நின்றதோ அதுதான் அந்தக் கோடு. ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிற கரையில் கடல் அரை மீட்டர் ஏறினாலே கோடு 25 மீட்டர் உள்ளே வந்துவிடும், லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளியோ தரையில் 30 மீட்டர் அகலம், எழுபதுகளின் படங்களில் சுமார் 80 மீட்டர். அப்புறம் வாடைக்காலத்து அலை இழுத்துப்போன மணலில் ஒரு பங்கு கோடையில் திரும்பி வரும். டிசம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் வைத்து யாராவது பேசினால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. கரையோரத்துச் சனம் அதைக் கேட்டுப் பயந்துபோகிறது. ஒரே பருவத்துப் படங்களாகப் பொறுக்கி, இருபது முப்பது வருடத்துக்கு அடுக்கி, கரைக்குக் குறுக்கே ஒரே இடங்களில் அளந்தால்தான் உண்மையான போக்கு தெரியும்.

அப்படி அளக்கும்போது ஊருக்கு ஊர் கணக்கு வேறாக வரும். முகத்துவார மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் மறுபக்கம் அரிக்கும். ஆனால் கரைக்கு மணல் கொடுக்கிற ஆறே மெலிந்துவிட்டதே! 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது, மிச்சத்தை ஆற்றுப்படுகையிலேயே லாரியில் அள்ளுகிறோம்.

செயற்கைக்கோளுக்கு 1972க்கு முந்தைய கரை தெரியாது. உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அன்று வலை காயப்போட்ட இடம், கட்டுமரம் ஏற்றி வைத்த இடம் எதுவென்று கேட்டு, நேரில் போய் நின்று, இன்றைய அலையிலிருந்து எத்தனை அடி என்று தேதியோடு எழுதி வையுங்கள்.