மியாஜிமாவின் அகப்பை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பட்டறைகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் மரக்கைவினைஞர் பெருமக்களே, எனக்கு முன் பேசியும் எனக்கெனச் சிறிது நேரத்தை மிச்சம் வைத்த புலவர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியர் நற்பேறு வேண்டி வீட்டில் வைக்கும் பொருள்களில் அந்தந்த ஊரின் காட்சிகள் இடம்பெறுவதைப் பற்றி, பொருள், படம், செய்தவர் கை என மூன்று கூறாகப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்று எல்லா மேடையிலும் நான் சொல்வது உங்களுக்குத் தெரியும். இன்று பேச்சே அகப்பையைப் பற்றியது என்பதால் கூடுதலாகப் பொறுத்தருள வேண்டும்.

ஹிரோஷிமாவை அடுத்த மியாஜிமா தீவில் இட்சுகுஷிமா கோயில் இருக்கிறது. அதன் எதிரே, 1875இல் எழுப்பப்பட்டதும், ஏறத்தாழ 16 மீட்டர் உயரமும் 60 டன் எடையும் உடையதும், தன் பாரத்தாலேயே நிலைகொண்டதுமான செந்நிறத் தோரண வாயில் கடலுக்குள் நிற்கிறது. தீவே தெய்வம் எனக் கருதப்பட்டதால் அங்கே உழவுக்குத் தடை இருந்தது. அப்படியானால் மக்கள் எதைக்கொண்டு பிழைப்பது?

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வாழ்ந்த செய்ஷின் என்னும் துறவி இதே கவலையோடு உறங்கினார் என்றும், கனவில் பென்சைட்டென் தோன்றினாள் என்றும் சொல்கிறார்கள். அவள் வேறு யாருமல்லள். பௌத்தத்தோடு சீனம் வழியாகச் சென்ற நம் கலைமகளேதான். கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்னும் நரம்புக்கருவி. கலைமகள் கனவில் வந்தால் நம்மவர் விடிவதற்குள் நூறு வெண்பா எழுதிவிடுவார் (புலவர் ஐயா மன்னிக்க வேண்டும்). அந்தத் துறவியோ பிவாவின் வடிவத்தைப் பார்த்து, இதை மரத்தில் செதுக்கினால் சோறு அள்ளலாமே என்று எண்ணி, எழுந்ததும் தீவினரைக் கூட்டி அகப்பை செய்யக் கற்றுக்கொடுத்தாராம். கோயிலுக்கு வந்தவர்கள் அதை வாங்கிச் சென்றார்கள். சோறு அள்ளும் கருவி, காலப்போக்கில் நற்பேற்றையும் அள்ளித்தரும் பொருளாயிற்று.

இன்று அந்த அகப்பையின் முகத்தில் கடல்வாயிலையும், தீவில் திரியும் மான்களையும், மேப்பிள் இலைகளையும் காணலாம். வணிகம் தழைக்கவும் குடும்பம் நலமாக இருக்கவும் வேண்டும் சொற்களும் எழுதப்பட்டிருக்கும். கடைவீதியில் 7.7 மீட்டர் நீளமும் 2.5 டன் எடையும் உள்ள அகப்பை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஹிரோஷிமாவின் பேஸ்பால் அணிக்காக அகப்பைகளைத் தட்டி ஆரவாரம் செய்வோரும் உண்டு.

தகாசாகி ஊரின் தாருமா பொம்மையைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், ஆகவே என் கோரிக்கைக்கே வந்துவிடுகிறேன். ஒரு கோயிலின் படத்தை எந்த ஊர் இயந்திரமும் எந்தப் பொருளிலும் அச்சிட்டுவிடும். ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அவ்வூரில் தச்சன் இருந்தால்தான் அவ்வூர் அகப்பை பிறக்கும். ஆகவே நம் கோயில் வாசல்களில் விற்கும் ஒவ்வொரு நினைவுப் பொருளிலும் அது செய்யப்பட்ட ஊரின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் மனு வாயிலருகே மேசையில் உள்ளது. முதல் கையெழுத்தை இட அம்மையார் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். பேனா என்னிடம் இருக்கிறது.